92 டெசிபெல் தடுத்தது, ஆனால் எவ்வளவு உறிஞ்சியது? அடுக்கு நானோ படலங்கள் இரண்டைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மின்காந்த அலையைத் தடுக்கும் பொருள்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் 2016இல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை நடுவில் வந்துவிடும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் யூரி கோகோட்சியின் குழுவும், தென்கொரியாவில் சோங் மின் கூவின் குழுவும் சேர்ந்து செய்த வேலை அது. பொருள் டைட்டானியம் கார்பைடு மேக்சீன். டைட்டானியம், அலுமினியம், கார்பன் மூன்றும் அடுக்கடுக்காக இருக்கும் ஒரு பீங்கானை எடுத்து, அமிலத்தில் போட்டு அலுமினியத்தை மட்டும் கரைத்துவிட்டால், ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனில் மெல்லிய ஏடுகள் பிரிந்து வரும். அந்த ஏடுகளைத் தண்ணீரில் கலக்கி, வெற்றிட வடிகட்டியில் ஊற்றினால் வடிதாளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கருத்த, உலோகப் பளபளப்புள்ள படலமாக உரிந்து வருகிறது.

45 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அந்தப் படலம் 92 டெசிபெல் தடுத்தது. 2.5 மைக்ரோமீட்டர் படலமே 50 டெசிபெல்லைத் தாண்டியது. 92 டெசிபெல் என்றால், மேலே விழும் திறனில் சுமார் 160 கோடியில் ஒரு பங்குதான் மறுபக்கம் கசிகிறது. தலைமுடியை விடத் தடிமன் குறைந்த ஒரு பொருளுக்கு இது அசாத்தியமான எண்தான். காரணமாகக் கட்டுரை இரண்டைச் சொன்னது: ஒன்று, சென்டிமீட்டருக்கு 4600 சீமென்ஸ் (ஓமின் தலைகீழ் அலகு) வரை போகும் மின்கடத்துதிறன், இன்னொன்று, ஏடுகளுக்கு இடையே அலை மாறி மாறி மோதித் திரும்பும் உட்பிரதிபலிப்பு.

இரண்டாவது காரணம் பின்னால் வந்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. 'அடுக்கு இருக்கிறது, உள்ளே அலை முட்டி மோதுகிறது, ஆகவே உறிஞ்சுகிறது' என்ற வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இருக்கும். அந்த வாக்கியத்தை நம்பி உறிஞ்சும் பொருள் வடிவமைக்கப் போகிறவர் எங்கே சறுக்குவார் என்பதை, இந்தப் படலத்தையும் 2018இல் சீனாவில் செய்யப்பட்ட இன்னொரு படலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மேக்சீன் படலத்தின் கணக்கு

முதலில் 2.5 மைக்ரோமீட்டர் படலம். இதிலிருந்து எந்த அளவில் சதுரம் வெட்டினாலும் எதிரெதிர் விளிம்புகளுக்கு இடையே மின்தடை ஒன்றுதான். கடத்துதிறனையும் தடிமனையும் பெருக்கித் தலைகீழாக்கினால் 0.87 ஓம் வருகிறது. வெற்றுவெளியில் அலை உணரும் இம்பீடன்ஸ், அதாவது அதன் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம், 377 ஓம். 377 ஓமில் வந்துகொண்டிருக்கும் அலைக்குக் குறுக்கே 0.87 ஓம் தகடு ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூட மின்சுற்றுக் கணக்கு மாதிரியே போட்டுப் பார்க்கலாம். கசிவது 47 டெசிபெல் குறைந்து கசிகிறது. அளந்தது 50க்குச் சற்று மேல். ஏடு, இடைவெளி, உட்பிரதிபலிப்பு எதையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தகடு என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. விழுந்த திறனில் 99.1 சதவீதம் திரும்பிப் போகிறது, 0.9 சதவீதம்தான் படலத்துக்குள் வெப்பமாகிறது.

45 மைக்ரோமீட்டர் படலத்துக்குத் தகடு கணக்கு போதாது, ஊடுருவு ஆழத்தைச் சேர்க்கவேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில் 4600 சீமென்ஸ் கடத்துதிறனுக்கு ஊடுருவு ஆழம் 7.4 மைக்ரோமீட்டர், ஒவ்வொரு 7.4 மைக்ரோமீட்டரிலும் அலையின் வீச்சு முன்பிருந்ததில் 37 சதவீதமாகிறது. 45 மைக்ரோமீட்டரைக் கடப்பதற்குள் 53 டெசிபெல் போய்விடும். இரு பரப்புகளிலும் இம்பீடன்ஸ் பொருந்தாததால் இன்னொரு 47. மொத்தம் 100. அளந்தது 92. தடிமனான படலத்தில் கடத்துதிறன் உச்ச மதிப்பைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தாலே இந்த வித்தியாசம் சரியாகிவிடும். ஆக, ஒரு நல்ல உலோகத்தகடு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது, உறிஞ்சுகிறது என்று நம்பியவர் சறுக்கும் அந்தக் கண்ணி. இந்தப் படலத்தின் முன்பரப்பைத் தாண்டி உள்ளே போகும் திறன் வெறும் 0.3 சதவீதம். மிச்சம் 99.7 சதவீதம் வாசலிலேயே திரும்பிவிட்டது. ஆனால் இந்தத் துறையில் தடுப்புத்திறனை இரண்டாகப் பிரித்து எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே நுழைய முடியாமல் போனதைப் 'பிரதிபலிப்புப் பங்கு' என்றும், நுழைந்ததில் மறுபக்கம் வராமல் போனதை 'உறிஞ்சல் பங்கு' என்றும் டெசிபெல்லில் கொடுப்பார்கள். 0.3 சதவீதம்தான் நுழைந்தது என்பதை டெசிபெல்லாக்கினால் 25. அப்போது 92இல் மிச்சம் 67 முழுவதும் உறிஞ்சல் கணக்கில் போய்ச் சேர்கிறது. 67, 25ஐ விடப் பெரிது. ஆகவே 'இந்தப் பொருளில் உறிஞ்சுதலே ஓங்கி நிற்கிறது' என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். உண்மையில் உறிஞ்சப்பட்டது 0.3 சதவீதம். எண்ணில் பிழை இல்லை, வரையறைப்படி எல்லாம் சரி. மடக்கைக் கணக்கில் பங்கு பிரித்துவிட்டு அதைச் சதவீதம் போலப் படிப்பதில்தான் கோளாறு.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதே கூவும் கோகோட்சியும் சேர்ந்து 2020இல் சயின்ஸிலேயே இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இம்முறை கார்பனோடு நைட்ரஜனும் கலந்த மேக்சீன். 350 டிகிரியில் சூடேற்றிய பிறகு 40 மைக்ரோமீட்டர் படலம் 116 டெசிபெல் தடுத்தது. இந்த மேக்சீனின் கடத்துதிறன் முந்தையதைவிடக் குறைவு. போனால் போகட்டும் என்று 4600ஐயே தாராளமாகக் கொடுத்துப் போட்டாலும், ஊடுருவு ஆழத்தைச் சேர்த்த தகட்டுக் கணக்கு 94ஐத் தாண்டவில்லை. 22 டெசிபெல் அதிகம், அதாவது 150 மடங்குக்கு மேல். இங்கே உள்ளமைப்பு ஏதோ செய்கிறது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சூடேற்றியதில் உருவான அடுக்கு அமைப்பு உறிஞ்சுதலைக் கூட்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் அதிலும் முன்பரப்பு உலோகம் போன்றதுதான், பெரும்பங்கு அலை வாசலிலிருந்தே திரும்புகிறது. உள்ளே நுழைந்த துளியைக் கொல்வதில்தான் அந்தக் கூடுதல் சாமர்த்தியம்.

திரும்பிப் போனால் என்ன?

செல்பேசிக்குள் ஒரு சிப்பின் மேல் மூடி போடுவது மட்டும்தான் வேலை என்றால் ஒன்றும் இல்லை, பிரதிபலிப்பே போதும். மூடிக்குள் இரண்டு சுற்றுகள் இருந்தால்தான் தொல்லை. ஒன்று உமிழ்ந்தது மூடியில் பட்டு மற்றதன் மேல் விழும். பெட்டியின் அளவு அலைநீளத்தோடு ஒத்துப்போனால் அது ஒத்ததிர்வுக் குழியாகவே மாறிவிடும். கார்களில் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ராடாருக்கு, அதைப் பிடித்திருக்கும் தாங்கியும் பம்பரின் உட்புறமும் அனுப்பும் சொந்த எதிரொலிகளே எதிரி. ராணுவ விஷயம் தெரிந்ததுதான்.

அப்போது எப்படி உறிஞ்ச வைப்பது? மிகப் பழைய வழி, அமெரிக்காவில் வின்ஃபீல்ட் சாலிஸ்பரி இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே விண்ணப்பித்து, 1952இல் காப்புரிமை பெற்ற திரை. உலோகத்தகட்டின் முன்னால் கால் அலைநீளத் தூரத்தில், சதுரத்துக்கு 377 ஓம் தடையுள்ள ஒரு தாளை நிறுத்தினால், குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணில் எதுவுமே திரும்பாது. எல்லாம் தாளில் வெப்பமாகிவிடும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் 7.5 மில்லிமீட்டர்.

அந்தத் தாளை மேக்சீனில் செய்யவேண்டும் என்றால் எவ்வளவு தடிமன் வேண்டும்? 4600 சீமென்ஸுக்கு 5.8 நானோமீட்டர். நான்கைந்து ஏடுகள், அவ்வளவுதான். 45 மைக்ரோமீட்டரில் 0.3 சதவீதம் உறிஞ்சுகிற அதே சரக்கு 6 நானோமீட்டரில், பின்னால் ஒரு தகடும் சரியான இடைவெளியும் இருந்தால், முழுவதையும் விழுங்கும். பின்னால் தகடே இல்லாமல் வெறுமனே நிற்கும் மெல்லிய படலம் அதிகபட்சம் பாதித் திறனைத்தான் உறிஞ்சமுடியும், அதற்கு 188 ஓம் வேண்டும், மேக்சீனில் அது 11.5 நானோமீட்டர். 2023இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸில் வெளியான ஒரு வேலையில் சுமார் 10 நானோமீட்டர் மேக்சீன் படலம் டெராஹெர்ட்ஸ் பட்டையில் இந்த 50 சதவீத எல்லையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. உறிஞ்சவேண்டும் என்று கடத்தும் சரக்கைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்த்தால் நல்லது.

சாலிஸ்பரி திரையின் குறை, ஒற்றை அதிர்வெண். அதைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்தாலும் விளைவு குறைந்துவிடும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் இதைத் தடைத்தாள்களை அடுக்கித் தீர்த்தார்கள். நீர்மூழ்கிக் கப்பலின் காற்றுக்குழாயை ராடாரிலிருந்து மறைக்கச் செய்யப்பட்ட யௌமன் உறிஞ்சியில் தாள்களின் தடை முன்னாலிருந்து பின்னால் போகப்போகக் குறையும். 2 முதல் 15 கிகாஹெர்ட்ஸ் வரை பெரும்பகுதியில் 20 டெசிபெல் குறைத்தது. தடிமன் மட்டும் மூன்று அங்குலம்.

இன்றைய அடுக்கு நானோ கலப்புப் பொருள்களின் தத்துவம் இதில் முழுக்க இருக்கிறது. முன்னால் காற்றைப் போன்ற அடுக்கு, பின்னால் போகப்போகக் கடத்துதிறன் ஏறும், கடைசியில் உலோகம் மாதிரி ஒன்று. மாறியது தடிமனும் செய்முறையும்தான்.

தானாகவே அடுக்கிக்கொண்ட படலம்

2018இல் ஒரு சீனக் குழு வெளியிட்ட படலம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் செய்முறை. தண்ணீரில் கரையும் வகைப் பாலியூரித்தேன் கூழ். அதில் இரண்டு சரக்குகள்: இரும்பு ஆக்சைடு துகள்கள் ஒட்டிய ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு ஒன்று, வெள்ளி பூசிய துத்தநாக ஆக்சைடு மற்றொன்று. துத்தநாக ஆக்சைடு நெருஞ்சிமுள் போல நான்கு பக்கமும் ஊசி நீட்டிய வடிவம், அதனால் கொஞ்சம் இருந்தாலே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு மின்பாதை அமைத்துவிடும். எல்லாவற்றையும் கலக்கி அச்சில் ஊற்றி உலரவிடுகிறார்கள். தனித்தனியாக அடுக்கு வார்க்கவில்லை. வெள்ளி பூசியது கனம், அடியில் போய்த் தங்குகிறது. கிராஃபீன் ஏடுகள் லேசு, மேலிருந்து கீழ்வரை பரவி நிற்கின்றன. தண்ணீர் ஆவியாகி முடிவதற்குள் அடுக்கு தானாகவே அமைந்துவிடுகிறது.

வழக்கமாக நானோ துகள் வண்டல் படிவதை எல்லோரும் சபிப்பார்கள், கலவை சீராக வரவில்லை என்று. இங்கே அதையே வேலை வாங்கியிருக்கிறார்கள். தனி அடுக்குகளை ஒட்டும்போது வரும் உரிதல் தொல்லையும் இதில் இல்லை, ஒரே பாலிமர் மேலும் கீழும் தொடர்கிறதே.

விளைவு: கிராஃபீன் சரக்கு பருமனில் 0.8 சதவீதம், வெள்ளிச் சரக்கு 5.7 சதவீதம், தடிமன் 0.5 மில்லிமீட்டர். எக்ஸ் பேண்டில், அதாவது 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், 87.2 டெசிபெல் தடுப்பு. திரும்பிய திறன் 39 சதவீதம்.

மேக்சீன் படலத்தோடு ஒப்பிடும்போது தடுப்பில் 5 டெசிபெல் குறைவு. அதில் பெரிய விஷயம் இல்லை, இரண்டுமே நடைமுறைக்குத் தேவையானதைவிட வெகு அதிகம். ஆனால் 99.7 திரும்பிய இடத்தில் 39 திரும்புகிறது. மிச்சம் 61 சதவீதம் படலத்துக்குள்ளேயே வெப்பமாகிறது. அலை மேலடுக்கில் நுழைந்து, போகும் வழியில் கொஞ்சம் இழந்து, அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பி, வரும் வழியில் இன்னும் கொஞ்சம் இழக்கிறது. வெள்ளியடுக்கு இங்கே கண்ணாடி, உறிஞ்சுவது மேலே இருக்கும் 0.8 சதவீதம்.

இந்த மாதிரிப் படலத்தை அளக்கும்போது ஒரு எளிய சோதனை போதும். அலையை உள்ளே நடத்திச் செல்லும் எக்ஸ் பேண்டு வேவ்கைடு குழாயின் வாய் 22.86க்கு 10.16 மில்லிமீட்டர். அதே அளவில் படலத்தை வெட்டி, இடைவெளி இல்லாமல் பொருத்தி, அலையை அனுப்பி, தாண்டியதையும் திரும்பியதையும் அளக்கும் நெட்வொர்க் அனலைசர் கருவியில் கடத்தலையும் பிரதிபலிப்பையும் எடுக்கவேண்டும். அப்புறம் படலத்தைக் கழற்றி, புரட்டிப் போட்டு மறுபடி எடுக்கவேண்டும். கடத்தல் மாறாது, எந்தப் பக்கம் வைத்தாலும் அதே டெசிபெல். அது இயற்பியல் விதி. பிரதிபலிப்பு மட்டும் வெள்ளிப் பக்கம் அலையைப் பார்க்கும்போது கிட்டத்தட்ட முழுவதாக எகிறவேண்டும். எகிறாவிட்டால் அடுக்கே அமையவில்லை, சரக்கு முழுக்கக் கலந்துதான் கிடக்கிறது என்று அர்த்தம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டுப் படம் எடுப்பதற்கு முன்னாலேயே இது தெரிந்துவிடும். விளிம்பில் மயிரிழை இடைவெளி விட்டாலும் 80 டெசிபெல்லுக்கு மேல் அளவு பொய்யாகிவிடும், அதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இரும்பு ஆக்சைடு உண்மையில் என்ன செய்கிறது?

இந்தத் துறையில் காந்தத் துகள் போடாத கட்டுரை குறைவு. தர்க்கம் சரியானதுதான். இம்பீடன்ஸ் என்பது காந்த உட்புகுதிறனை (பொருள் காந்தப்புலத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதை) விடுதிறனால் (மின்புலத்துக்கு எவ்வளவு என்பதால்) வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. விடுதிறன் 10 உள்ள, காந்தத்தன்மையில்லாத பரப்பில் அலை பட்டால் 27 சதவீதம் திரும்பும். அதே பொருளுக்கு உட்புகுதிறன் 2.5 ஆக்கிவிட்டால் 11 சதவீதம்தான் திரும்பும். ஆகவே மேலடுக்கில் காந்தம் வேண்டும்.

ஆனால் எவ்வளவு? 0.8 சதவீதம் முழுவதும் காந்தத் துகள்தான், எல்லாம் உருண்டை, உட்புகுதிறனோ எல்லையற்றது என்று எவ்வளவு தாராளமாக வைத்துக்கொண்டாலும் கலவையின் உட்புகுதிறன் 1இலிருந்து 1.024 வரைதான் ஏறும். அதிலும் ஃபெரைட் வகைகளின், அதாவது இரும்பு ஆக்சைடு சார்ந்த காந்தப் பொருள்களின், உட்புகுதிறன் கிகாஹெர்ட்ஸில் ஏறும்போது ஒன்றை நோக்கி விழுந்துவிடும். எனவே இந்தப் படலத்தில் காந்தம் இம்பீடன்ஸைப் பொருத்துகிறது என்பதை நான் ஏற்கவில்லை. வேலை செய்வது சரக்கின் சிக்கனம்: 0.8 சதவீதம் கிராஃபீன் என்பதால் மேலடுக்கின் விடுதிறன் அளவோடு நிற்கிறது, அலை நுழைகிறது, கிராஃபீன் ஏடுகளில் ஓடும் மின்னோட்டம் அதை வெப்பமாக்குகிறது. இரும்பு ஆக்சைடு ஒருவேளை ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைத்து, கடத்துதிறன் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு பயன்தான், காந்தப் பயன் அல்ல.

39ஐ இன்னும் எவ்வளவு இறக்கலாம்?

இதற்கு உறுதியான பதில் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. 2000இல் ரஷ்ய இயற்பியலாளர் கான்ஸ்டன்டின் ரோசனோவ், உலோகம் பின்னால் வைத்த எந்த உறிஞ்சிக்கும் தடிமனுக்கும் பட்டையகலத்துக்கும் இடையே தாண்டமுடியாத எல்லை உண்டு என்று நிறுவினார். எத்தனை அடுக்கு, என்ன பொருள், என்ன நானோ என்பதெல்லாம் பொருட்டில்லை. பிரதிபலிப்பு வீச்சின் இயல் மடக்கையை அலைநீளம் முழுவதற்கும் கூட்டினால், அது தடிமனைப் போல் 19.74 மடங்கைத் தாண்டாது. காந்தப் பொருளானால் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதற்குள்ள உட்புகுதிறனாலும் பெருக்கிக்கொள்ளலாம்.

எக்ஸ் பேண்டு 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளத்தில் 12.4 மில்லிமீட்டர் அகலம். 0.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு இந்தப் பட்டை முழுவதும் சீராக இறக்கமுடிந்த பிரதிபலிப்பு 20 சதவீதம். அதற்குக் கீழே காந்தத்தன்மையில்லாத எந்தப் பொருளாலும் முடியாது, யார் செய்தாலும். ஆக 39 என்பது 100க்கும் 0க்கும் நடுவில் இல்லை, 100க்கும் 20க்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பார்வையில் அச்சில் ஊற்றி உலரவிட்ட ஒரு படலத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான எண்.

தடிமனை இரட்டிப்பாக்கினால் எல்லை 20இலிருந்து 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. வழக்கமாகக் கேட்கப்படும் 10 சதவீதத்துக்கு, அதாவது பிரதிபலிப்பு 10 டெசிபெல் இறங்க, குறைந்தது 0.72 மில்லிமீட்டர் வேண்டும். 0.5 மில்லிமீட்டரில் எக்ஸ் பேண்டு முழுக்க 10 டெசிபெல் இறக்கிவிட்டதாக யாராவது சொன்னால், உட்புகுதிறன் 1.44க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அளவீட்டில் பிழை. ஒற்றை அதிர்வெண்ணில் 60 டெசிபெல் இறங்கும் கூர்முனை வரைபடங்கள் வேறு கதை. தடிமனைச் சற்றே மாற்றி, ஓரளவு இழப்புள்ள பல பொருள்களிலும் அப்படி ஒரு முனையைக் கணக்கில் கொண்டுவரலாம், அதற்குப் பொருளின் பெருமை காரணமில்லை.

கார் ராடார் பட்டைக்குப் போனால் நிலைமை தலைகீழாகிறது. 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீள அகலம் 0.24 மில்லிமீட்டர்தான், 20 டெசிபெல் இறக்கவே 0.03 மில்லிமீட்டர் போதும் என்கிறது எல்லை. தடிமன் அங்கே தட்டுப்பாடு இல்லை. விடுதிறன் 4 உள்ள மேலடுக்குக்குக் கால் அலைநீளம் 0.48 மில்லிமீட்டர், ஏறத்தாழ அந்தச் சீனப் படலத்தின் தடிமனேதான். ஆனால் வண்டல் படிந்து உருவாகும் அடுக்கின் எல்லைக்கோடு 24 மைக்ரோமீட்டர், அதாவது 5 சதவீதம், மேலே கீழே ஆனாலும் உறிஞ்சும் அதிர்வெண் 4 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். மொத்தப் பட்டையே 5 கிகாஹெர்ட்ஸ். எக்ஸ் பேண்டில் அழகாக வேலைசெய்த 'ஊற்றி உலரவிடும்' முறையை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது. மேலடுக்கைத் தனியாகத் தடிமன் கட்டுப்படுத்தி வார்த்து, வெள்ளியடுக்கை அடியில் தனியாகப் பூசவேண்டியிருக்கும், உரிதல் தொல்லையையும் சேர்த்து.